புளூட்டோவைப் பார்க்க இரண்டு இரவு வேண்டும்

முதல் தடவை நான் புளூட்டோ என்று நம்பிப் பார்த்தது வெறும் விண்மீன். மூன்று நாள் கழித்தும் அது அதே இடத்திலேயே இருந்தது. அன்றைய ஏமாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்து, நகர்ந்து காட்டாத எந்தப் புள்ளியையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைடு டோம்பா 1930-இல் செய்ததும் இதுதான். லோவல் வானாய்வகத்தில் ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த இரண்டு படத்தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, இடம் மாறியிருந்த புள்ளியைப் பிப்ரவரி 18 அன்று பிடித்தார். நமக்குப் பென்சிலும் தாளும் போதும்.

தொலைநோக்கி மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். கண்ணாடியின் விட்டம் 10 அங்குலம் என்றால் முடியும், ஆனால் திணறும். 12 அங்குலம் இருந்தால் நிம்மதி. புளூட்டோவின் பொலிவெண் (வெளிச்சத்தின் அளவு; எண் கூடக் கூட மங்கல்) இப்போது 14.4 அளவில் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு எட்டும் கடைசி விண்மீனைவிட 2,000 மடங்குக்கு மேல் மங்கல். அதனால் ஊர் வெளிச்சம் இல்லாத இடம், அமாவாசையை ஒட்டிய இரவு. இந்த ஆண்டுகளில் அது மகர விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும் தோதான காலம்.

ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் அந்தப் பகுதியை 15-ஆம் பொலிவெண் வரை திறந்து அச்செடுங்கள். புளூட்டோவின் பெயரையும் புள்ளியையும் மறைத்துவிடுங்கள். இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் கண் இல்லாததையும் பார்க்கும். நியூட்டன் வகைத் தொலைநோக்கி என்றால் தாளைத் தலைகீழாகப் பிடியுங்கள்.

அரை மணி நேரமாவது இருட்டில் இருந்து கண்ணைப் பழக்கிவிட்டு, சிவப்பு விளக்கில் மட்டும் தாளைப் பாருங்கள். 250 மடங்கு உருப்பெருக்கத்தில் முதலில் பளிச்சென்ற விண்மீன்களை வரையுங்கள். அப்புறம்தான் மங்கலானவை. நேராக உற்றுப் பார்த்தால் அவை காணாமல் போகும். பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கி, பக்கத்து விண்மீனில் வைத்திருங்கள். ஓரத்தில் ஒரு சாம்பல் துளி எழும்பும், இரண்டு நொடி நிற்கும், மறையும். அதே இடத்தில் மூன்று நான்கு முறை எழும்பினால் மட்டும் குறியுங்கள்.

மூன்று இரவு கழித்து, பழைய படத்தைப் பார்க்காமல் மறுபடி வரையுங்கள். அதற்குள் புளூட்டோ சுமார் 4 கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) நகர்ந்திருக்கும், அதாவது முழுநிலவின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. சரி, இப்போது இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கில் பிடியுங்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் பொருந்தாது. அதுதான் புளூட்டோ. அந்த ஒளி சூரியனிலிருந்து அங்கே போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம், அங்கிருந்து உங்களிடம் வர இன்னொரு ஐந்து மணி நேரம்.

புளூட்டோவைப் போன்ற மற்ற குறுங்கோள்களில் மாக்கிமாக்கி, ஹௌமியா இரண்டும் 17-ஆம் பொலிவெண்ணை ஒட்டியவை. அவற்றுக்குக் கேமரா வேண்டும். ஏரிஸ் அவற்றைவிட மங்கல், நகர்வதும் மெதுவாக. 2003 அக்டோபரிலேயே படத்தில் பதிந்தும், மெதுவாக நகர்பவற்றை மென்பொருள் கழித்துவிட்டதால், 2005 ஜனவரியில் பழைய படங்களை மறுபடி அலசியபோதுதான் அகப்பட்டது. அதைத் தேடினால் இரண்டு படங்களுக்கு இடையே ஒரு வாரமாவது விடுங்கள்.