பிரெஞ்சிந்திய முன்னோரைத் தேடும்போது பெயரைக் கவனியுங்கள்

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் வேர் உள்ளவர்கள் முதலில் வீட்டிலிருக்கும் பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிரான்சின் எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். பிரெஞ்சிந்தியாவின் பழைய பதிவேடுகளை அங்கே இலவசமாகவே பார்க்கலாம்.

பலர் தடுமாறுவது பெயரில்தான். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் (ரெனோன்சான் என்பார்கள்) நிலையான ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சிலர் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டார்கள், சிலர் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராக்கினார்கள். அதனால் தாத்தாவின் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பதிவில் இல்லையென்றால் ஆள் மாறிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள், துறப்புப் பதிவைத் தேடுங்கள், பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் பாலம் அதுதான்.

எழுத்துக்கூட்டலும் முக்கியம். முத்துசாமியில் வரும் 'உ' ஒலியை பிரெஞ்சுக்காரர்கள் ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள், 'ச' ஒலிக்குப் பெரும்பாலும் இரட்டை எஸ் போடுவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது.

பாட்டிகளைத் தேடுவது எளிது, பிரெஞ்சுப் பதிவுகளில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். திருமணப் பதிவை மட்டும் தவறவிடாதீர்கள், இரு பக்கப் பெற்றோர் பெயரும் அதில் கிடைக்கும்.