அண்டை நாடுகளின் கடல் பாதுகாப்பு ஒத்துழைப்பில் டெல்டா கடலோரக் கிராமம் தன் பங்கைச் செய்வது எப்படி?

கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்கும் நடுவே சுமார் 60 கி.மீ. கடல்தான் இருக்கிறது. அந்தக் குறுகிய நீர்ப்பரப்பில் இரு நாட்டு மீன்பிடிப் படகுகளும் ரோந்துக் கப்பல்களும், 2023 முதல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பலும் சென்று வந்திருக்கின்றன. கடத்தல்காரர்களும் இதே வழியைத்தான் நாடுகிறார்கள். இங்கே பாதுகாப்பு என்பது தலைநகரங்களில் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களோடு முடிந்துவிடுவதில்லை. கடலில் நடப்பதை முதலில் காண்பவர் பெரும்பாலும் மீனவராக இருப்பதால், அவர் தரும் தகவல் சரியாக இருந்தால்தான் அரசுகளின் ஒத்துழைப்பு உரிய நேரத்தில் இயங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம், மல்லிப்பட்டினம், காரைக்கால் பகுதிகளின் மீனவப் பஞ்சாயத்தார், படகு உரிமையாளர்கள், படகை ஓட்டிச் செல்லும் ஸ்ராங்குகள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில், தகவல் எந்த வழியாகச் செல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகள் 2011-இல் தொடங்கிய முத்தரப்புப் பேச்சு, பின்னர் மொரீஷியஸ், வங்கதேசம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு கொழும்பு பாதுகாப்பு மாநாடாக வளர்ந்தது. கடல் பாதுகாப்பு அதன் முதன்மைப் பணிகளில் ஒன்று. 1991-இல் இந்தியாவும் மாலத்தீவும் தொடங்கிய ‘தோஸ்தி’ கடலோரக் காவல்படைப் பயிற்சியில் 2012-இல் இலங்கையும் இணைந்தது. கப்பல் போக்குவரத்துத் தகவல்களைத் தொகுத்து நட்பு நாடுகளுடன் பகிரும் மையம் ஒன்று 2018 முதல் குருகிராமில் இயங்குகிறது. ஆனாலும் ஆபத்து வேளையில் மீனவருக்கு நேரடியாகப் பயன்படும் இணைப்பு ஒன்றுதான்: சென்னையிலுள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையமும் கொழும்பிலுள்ள அதே வகை மையமும் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ள முடியும். எல்லைக்கு அப்பால் தத்தளிக்கும் படகைப் பற்றிய செய்தி இந்த வழியாகத்தான் அங்குள்ளவர்களைச் சென்றடைகிறது.

இத்தகைய ஒத்துழைப்பின் பயனை 2020 செப்டம்பரில் கண்டோம். சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் பாரதீப் நோக்கிச் சென்ற ‘நியூ டயமண்ட்’ கப்பல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தபோது, இரு நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து நின்று தீயை அணைத்தன.

இனி உங்கள் பங்கு. இதில் எல்லாவற்றுக்கும் அடிப்படை, படகு இருக்கும் இடத்தைப் பிழையின்றிச் சொல்வது. மற்ற குறிப்புகளைவிட இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். ஜிபிஎஸ் கருவியில் இடத்தை டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும் முறை ஒன்று, டிகிரியை மட்டும் தசமத்தில் காட்டும் முறை இன்னொன்று. 10 டிகிரி 15.5 நிமிடம் என்பதை அவசரத்தில் 10.155 டிகிரி என்று ஒருவர் சொல்லிவிட்டால், உண்மையான 10.2583 டிகிரிக்கும் அதற்கும் இடையே சுமார் 6 கடல் மைல், அதாவது 11 கி.மீ.க்கும் மேல் வேறுபாடு வந்துவிடும். தேடிவரும் கப்பல் வெறுங்கடலைச் சுற்றிவரும். ஆகவே ஒரு மீன்பிடித் துறையின் படகுகள் அனைத்தும் டிகிரி–நிமிடம் என்ற ஒரே முறையில் கருவியை அமைத்துக்கொள்ள வேண்டும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல் என்பதால், தூரத்தை மனக்கணக்காகப் போடுவதற்கும் அந்த முறையே எளிது. ஸ்ராங்கு மட்டுமல்லாமல், படகிலுள்ள இன்னும் ஒருவராவது கருவியைப் பார்த்து இடத்தைப் படித்துச் சொல்லப் பழகியிருக்க வேண்டும். ஸ்ராங்கே காயப்பட்டுக் கிடக்கும் வேளையும் வரலாம்.

அடுத்தது எல்லைக்கோடு. 1974, 1976 ஆண்டு ஒப்பந்தங்கள் இந்திய–இலங்கைக் கடல் எல்லையை வகுத்தன. 1974 ஒப்பந்தத்தின் வடகோடிப் புள்ளி வடக்கு அட்சம் 10 டிகிரி 5 நிமிடம், கிழக்குத் தீர்க்கம் 80 டிகிரி 3 நிமிடம். கோடியக்கரையிலிருந்து 20 கடல் மைலுக்குள்ளேயே அது வந்துவிடுகிறது. எல்லைப் புள்ளிகள் முழுவதையும் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக் கருவியில் பதிந்துகொண்டு, கோட்டின்மேல் அல்லாமல் அதற்குச் சில மைல் முன்பே எச்சரிக்கை ஒலிக்குமாறு அமையுங்கள். இன்ஜின் பழுதாகி நிற்கும்போதோ வலை விட்டுக் காத்திருக்கும் இரவிலோ நீவாடும் (கடல் நீரோட்டமும்) காற்றும் படகை எவ்வளவு தள்ளிவிடும் என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

கரையை விட்டு விலகிச் சென்றபின் கைப்பேசியை நம்ப முடியாது. விஎச்எப் என்ற வானொலித் தொடர்புக் கருவியில் 16-ஆம் அலைவரிசை அவசர அழைப்புக்குரியது. அதில் ஊர்க்கதை பேசினால், அந்த நேரத்தில் உதவி கேட்கும் இன்னொருவரின் குரல் அமுங்கிப்போகும். அவசர உதவிக் கருவியையும், படகின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே கரைக்குத் தெரிவிக்க இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டரையும் பெற்றவர்கள் அவற்றை வீட்டில் பூட்டி வைக்காமல் படகில் பொருத்தி வைத்திருக்க வேண்டும். அவசரப் பொத்தான் தவறி அழுத்தப்பட்டிருந்தால் உடனே கடலோரக் காவல்படைக்குத் தெரிவித்துவிடுங்கள். தொலைபேசி கிடைக்கும் இடத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல் குழுமப் போலீசாருக்கு 1093 என்ற எண்களை அழைக்கலாம்.

தகவல் சொல்லும்போது உங்கள் படகின் பெயரும் பதிவு எண்ணும், இருக்கும் இடம், நேரம், கண்டது என்ன, படகில் எத்தனை பேர், என்ன உதவி தேவை என்ற வரிசையை மாற்றாமல் சொல்லுங்கள். ஐயத்துக்குரிய படகைக் கண்டால் அதை நெருங்கவோ துரத்தவோ கூடாது. அதன் நிறம், இன்ஜின்களின் எண்ணிக்கை, அது போன திசை, ஆட்கள் எத்தனை பேர் என்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். “கடத்தல்காரர்கள்”, “அந்த நாட்டவர்” என்று ஊகத்தைச் செய்தியாக்க வேண்டாம். ஊகம் எல்லை தாண்டிப் போகும்போது அது குற்றச்சாட்டாகிவிடுகிறது. நடுக்கடலில் பைபர் படகுகளை மறித்து வலை, ஜிபிஎஸ், இன்ஜின் ஆகியவற்றைப் பறித்துச் செல்வதாக வேதாரண்யம் பகுதியிலிருந்து அடிக்கடி புகார்கள் வருகின்றன. இத்தகைய புகாரில் இடம்தான் முதல் சான்று, ஏனெனில் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடந்ததா, அதற்கு அப்பாலா, எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தே எந்தச் சட்டம் பொருந்தும், எந்த நாட்டிடம் கேட்க வேண்டும் என்பது முடிவாகிறது. இந்தியாவின் 2022 ஆண்டுக் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் 12 கடல் மைலுக்கு அப்பால், கடல் வளங்களில் நாட்டுக்கு உரிமையுள்ள பொருளாதார மண்டலத்தையும் உள்ளடக்கியது. கரை சேர்ந்த அன்றே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதன் நகலைப் பஞ்சாயத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையிலும் வேலை இருக்கிறது. எந்தப் படகு எத்தனை பேருடன் எப்போது புறப்பட்டது, எப்போது திரும்ப வேண்டும் என்பதைத் துறைதோறும் ஒரு பேரேட்டில் எழுதுவதற்கு ஒருவரை நியமியுங்கள். கடலுக்குச் செல்ல மீன்வளத் துறை தரும் அனுமதி டோக்கன் முறை இருந்தாலும் ஊர்ப் பேரேடு தனியே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரைக்கால் புதுச்சேரி ஆட்சியின் கீழ் இருப்பதால் நாகப்பட்டினத்துக்கும் அதற்கும் காவல் நிர்வாகம் வேறு. இரு பகுதிகளின் மீனவப் பஞ்சாயத்தாரும் நேரடித் தொடர்பில் இருந்தால் காணாமற்போன படகைத் தேடுவது விரைவாகத் தொடங்கும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். எல்லை தாண்டிப் போய்க் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி மீன்பிடிப்பு தொடரும்வரை, எதிர்க்கரை மீனவர் நம் தகவலை நம்பத் தயங்குவார். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. மீன்பிடிப் படகுகள்மீது சுடக்கூடாது என்ற புரிதலை 2008-இல் இரு நாடுகளும் கூட்டறிக்கையாக வெளியிட்டன. 2014-இல் இருநாட்டு மீனவர்களே சென்னையிலும் கொழும்பிலும் நேருக்கு நேர் பேசினார்கள். 2016-இல் கூட்டுப் பணிக்குழு அமைந்தது. மீன்பிடிச் சிக்கல் தீரும்வரை காத்திராமல், உயிர்காக்கும் செய்திகளையேனும் இரு கரையும் தயக்கமின்றிப் பரிமாற வேண்டும்.

அதைச் செய்துகாட்டும் வாய்ப்பு நம் கரைக்கே வருவதுண்டு. இலங்கைப் படகு ஒன்று இன்ஜின் பழுதாகி இங்கே ஒதுங்கினால் தண்ணீரும் உணவும் முதலுதவியும் கொடுங்கள். படகுப் பொருட்களை யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 1093-க்கும் 1554-க்கும் உடனே தெரிவியுங்கள். விசாரணையைப் போலீசாரே நடத்தட்டும். வந்தவர்களின் படங்களை வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். இவை அனைத்தையும் பழகிப் பார்க்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் ஏற்றது. அந்த 61 நாட்களுக்குள் ஒரு நாளேனும் கடலோரக் காவல்படையினரையும் கடலோரக் காவல் குழுமத்தினரையும் துறைக்கு அழைத்து, ஒவ்வொரு படகின் ஜிபிஎஸ் அமைப்பையும் விஎச்எப் கருவியையும் சரிபார்த்துவிட்டு, இளைஞர் ஒவ்வொருவரும் அவசரச் செய்தியை ஒருமுறை முழுமையாகச் சொல்லிக் காட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள்.