வெயிலிலும் மழையிலும் நிற்கும் போர்டுக்கு மரம் எடுக்கும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு கடைக்காரர் தன் கடையின் பழைய பெயர்ப் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எழுதி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. "பெயிண்டு சரியில்லண்ணே, உரியுது" என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். போர்டு முழுக்க உரியவில்லை. கீழ் விளிம்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. அந்த இடத்தை நகத்தால் கீறினால் மரமே பொடியாக வந்தது. அதற்கு மேலே இருந்த எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "தேக்குன்னு சொல்லித்தான் குடுத்தாங்க" என்றார். தேக்குதான், பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு விரல் அகலம் தேக்கின் வெள்ளை.

மரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவதுதான் முதல் தவறு. தேக்கு கரையானுக்கும் பூஞ்சைக்கும் தாங்குகிறது என்றால் அது நடுவில் இருக்கும் கெட்டிப் பகுதியான வைரத்துக்கு உள்ள குணம். அந்த எண்ணெய்ப்பசையும் காப்புச் சத்தும் வைரத்தில்தான் சேர்கின்றன. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி, மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏற்றிய குழாய். வெட்டிய பிறகும் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். வெளியில் வைத்தால் மாமரத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பதினைந்து, இருபது வருடத்தில் வெட்டிய தோட்டத் தேக்கில் இந்த வெள்ளைதான் அதிகம். கடையில் அடுக்கி வைத்த பலகைகளில் தூசியும் எண்ணெயும் படிந்து எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். ஓரத்தில் ஒரு இழைப்பு இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். வைரம் பொன்பழுப்பாக இருக்கும், வெள்ளை வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று பிரிந்து தெரியும். இழைக்கமாட்டேன் என்கிற கடையில் நான் வாங்குவதில்லை.

என்னைக் கேட்டால், இடித்த வீட்டு மரம் விற்கும் கடைக்குத்தான் முதலில் போகச் சொல்வேன். காரைக்குடிப் பக்கம் பழைய பர்மா தேக்கு உத்திரமும் கதவும் இன்னும் கிடைக்கின்றன. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம், இனிமேல் பெரிதாகச் சுருங்காது. உள்ளே பழைய ஆணி மறைந்திருக்கும் என்பது மட்டும்தான் தொந்தரவு. ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு இழைப்புளியைப் போடுங்கள்.

உறுதியான மரமெல்லாம் பெயிண்டுக்கு ஒத்துப்போகும் என்று நினைப்பது அடுத்த தவறு. வேங்கை நல்ல வைர மரம்தான். ஆனால் ஈரம் பட்டால் சாயம் கசியும். நானே ஏமாந்திருக்கிறேன். வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து எழுதிக் கொடுத்தேன், முதல் மழைக்கே மஞ்சள் பழுப்பு இறங்கி தேநீர் கொட்டிய வேட்டி மாதிரி ஆகிவிட்டது. சந்தேகம் இருந்தால் ஒரு ஈரமான வெள்ளைத் துணியை இழைத்த பக்கத்தில் ஒரு ராத்திரி சுற்றி வைத்துப் பாருங்கள். தேக்கில் சாயத்தொல்லை குறைவு, எண்ணெய்ப்பசைதான் தொல்லை. தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். பலா வைரம் எனக்குப் பிடித்த மரம். கரையான் லேசில் தொடாது, பெயிண்டும் நன்றாகப் பிடிக்கும். வேம்பைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது, ஆனால் முறுக்கிக்கொள்ளும். ரப்பர் மரம், சில்வர் ஓக், இலவம், பேக்கிங் பெட்டி பைன் இவற்றை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை மரம் பற்றிப் பலரும் சொல்வார்கள், யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சில்லு வெட்டி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டிய ஓவனில் எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்கள். 112 கிராம் 100 கிராமாக இறங்கினால் ஈரம் 12 சதவீதம், எழுதலாம். 125 கிராம் 100 ஆனால் 25 சதவீதம், தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளியில் கிடந்த பலகையை வாங்கி உடனே எழுதினால், சித்திரை வெயிலில் அது சுருங்கும்போது எழுத்தும் சேர்ந்து வெடிக்கும்.

அகலமான ஒற்றைப் பலகை ஆசையும் ஆபத்துதான். கடை போர்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் எழுத வேண்டும் என்பதால் மூன்று மொழி என்றால் உயரம் கூடிவிடும். உடனே பதினைந்து அங்குல அகலத்தில் ஒரே பலகை தேடுவார்கள். பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையங்கள் வில் மாதிரி படுத்திருந்தால் அந்தப் பலகை குழியும், ஏனென்றால் மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது குறுக்கே சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வளையங்கள் நிமிர்ந்து நிற்கிற பலகை சமமாக நிற்கும். அப்படி ஐந்து அங்குலப் பலகை மூன்றை ஒட்டிக்கொள்வது மேல். சாதாரண வெள்ளைப் பசை மழைக்கு ஆகாது, தண்ணீர் தாங்கும் பசை என்று கேட்டு வாங்குங்கள். பின்னால் குறுக்குச் சட்டம் அடிக்கும்போது சட்டத்தில் திருகாணித் துளையை அந்தச் சட்டத்தின் நீளவாக்கில் நீட்டி விடுங்கள். மரம் ஏறி இறங்க இடம் வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நடுவில் கீறல் விடும்.

பிளைவுட் போதும் என்றால் தாராளமாகப் போடலாம், ஆனால் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பார்த்து. எம்.ஆர்., அதாவது ஈரக்கசிவை மட்டும் தாங்கும் ரகம் என்று போட்டிருப்பது அறைக்குள் வைக்க, அது ஒரு மழைக்காலம் தாண்டினால் அதிர்ஷ்டம். மரநாரைப் பசை சேர்த்து அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை நனைந்தால் ஊறிய ரஸ்க்.

நல்ல மரத்தையும் கெடுக்கிற வேலை கடைசியில்தான் நடக்கும். முன்பக்கம் நான்கு கோட்டிங், பின்பக்கம் எதுவும் பூசாத வெறும் மரம். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையாமல் என்ன செய்யும்? வெட்டுமுகம் மற்ற பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் இழுக்கும், அங்கே பிரைமர் மூன்று முறையாவது ஊற வேண்டும். ரெட் ஆக்சைடு இரும்புக்கு, மரத்துக்கு உட் பிரைமர். இரும்பு ஆணி அடித்தால் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்புக் கண்ணீர் வடிக்கும், கடலோர ஊரில் சீக்கிரமே வடிக்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் திருகாணி போடுங்கள்.

அந்தக் கடைக்காரரின் போர்டில் வெள்ளைப் பகுதியை அறுத்தெடுத்துவிட்டு ஒரு பலாப் பட்டை சேர்த்தேன். மேல் விளிம்பைத் தண்ணீர் தங்காமல் முன்னோக்கிச் சரிவாக இழைத்தேன். பின்பக்கத்துக்கும் சேர்த்துக் கூலி கேட்டதும், "அத யாருண்ணே பாக்கப் போறா?" என்றார். கொடுத்தார், பேரம் பேசித்தான். மாட்டும்போது சுவருக்கும் பலகைக்கும் நடுவில் முக்கால் அங்குலக் கட்டை வைத்தேன், காற்றுப் போக.