'குளிக்கணும் மேடம்' என்று ஒரு மாணவி வந்து நின்றால்

18 வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தேன். பாலியல் வன்முறைக்கு ஆளாகி என் அறைக்கு வந்த பிள்ளைகள் முதலில் கேட்டது போலீஸையோ டாக்டரையோ அல்ல, குளியலை. ஒருத்திக்கு அது தீட்டு. தலைக்கு ஊற்றினால்தான் போகும். இன்னொருத்திக்கு குஸ்ல், அதாவது இஸ்லாமிய முறைப்படி உடல் முழுக்கக் குளித்துச் சுத்தமாவது, செய்யாமல் தொழ முடியாது. 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். "இப்போ குளிச்சா தடயம் போயிடும்மா, டாக்டர் பார்த்ததும் நானே வெந்நீர் போட்டுத் தர்றேன்" என்று காரணத்தைச் சொல்லுங்கள். அதற்குமேல் அவள் முடிவு. குளித்துவிட்டாளா? பரவாயில்லை, அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

கிளம்பும்போது மாற்று உடையோடு ஒரு துப்பட்டாவும் எடுங்கள். போட்டிருப்பதைத் தடயமாக வாங்கிக்கொள்வார்கள். ஹிஜாப் அணியும் பெண் வெறும் தலையோடு வராந்தாவில் நிற்கக் கூடாது. பெண் மருத்துவர் வேண்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டு, அங்கே அழுத்திக் கேளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியானாலும் சிகிச்சை இலவசம், அது சட்டம். பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ரமலான் நோன்பில் இருந்தால், உடம்பு முடியாதவர்கள் நோன்பைப் பிறகு வைக்க அனுமதி உண்டு என்று நினைவூட்டலாம். பிரசங்கம் வேண்டாம்.

'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். முதலாமாண்டில் பலருக்கு 18 ஆகியிருக்காது. 18 வயதுக்குக் கீழே என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அவள் பேசத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் யாருக்கு முதலில் சொல்வது என்பதும் அவளுக்குத்தான் தெரியும். அப்பாவைவிடச் சித்தி தாங்குவாள். 'பேசி முடிச்சிடலாம்' என்று ஊர்ப் பெரியவரோ ஜமாத்தோ பாதிரியாரோ வந்தால் வாசலோடு சரி. அவளே ஒரு கன்னியாஸ்திரியைப் பார்க்கணும் என்றால் அது வேறு. பாலியல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். அவளால் எழுத முடியாவிட்டால் உதவுவது குழுவின் கடமை. நள்ளிரவில் யாரும் இல்லையா, பெண்கள் உதவி எண் 181.

அப்புறம், ஒரு தடவை அழுதுகொண்டிருந்த பெண்ணின் நெற்றியில் பழக்கதோஷத்தில் திருநீறு பூசப் போனேன். நம்ம பிள்ளைதானே என்ற நினைப்பு. "வேண்டாம் மேடம், நான் இப்போ சாமி விபூதி தொடக் கூடாது" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அதிலிருந்து கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று மட்டும்தான் கேட்பேன்.