ஒரு முழுத் தொகுப்பைச் சேர்த்து முடிப்பது எப்படி: பேஸ்பால் அட்டைச் சேகரிப்பாளருக்குச் சில யோசனைகள்

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதோடு நிறுத்திக்கொள்வது என்பதைத்தான். டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மிக்கி மேண்டில் என்ற வீரரின் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போன செய்தியைப் படித்துவிட்டு இதில் இறங்குவோர், தங்கள் கையில் அப்படி எதுவும் சிக்காது என்று தெரிந்ததும் சலித்து விலகிவிடுகிறார்கள். ஏதேனும் ஓர் ஆண்டில் வரிசை எண்ணிட்டு வெளியான தொகுப்பைத் தேர்ந்துகொண்டு, முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே போவதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் அன்றாடச் சுவை அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

தொடக்கத்துக்கு 1987ஆம் ஆண்டின் டாப்ஸ் தொகுப்பைப் பரிந்துரைப்பேன். மரப்பலகையின் ரேகைகளைப் போன்ற ஓரம் கொண்ட அந்த 792 அட்டைகளில் பாரி பாண்ட்ஸ், மார்க் மெக்குவையர் போன்றோரின் இளவயது முகங்கள் உண்டு. 1980களின் பிற்பகுதியில் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு அளவின்றி அச்சடித்துத் தள்ளியதால், இவை இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. பின்னாளில் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகுமென்று பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்களுக்கு அது பெரும் ஏமாற்றம். தொகுப்பை நிரப்ப விரும்புபவருக்கோ அதுவே வசதி.

உள்ளே எந்த அட்டைகள் இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் பாக்கெட்டுகளைப் பிரித்தே தொகுப்பை முடித்துவிடலாம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். மெழுகுத்தாளைப் பிரித்து, சூயிங்கம் துண்டை ஒதுக்கிவிட்டு, 17 அட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் அந்த அரை நிமிட இன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அட்டைகள் முற்றிலும் தற்செயலாக வருவதாகக் கொண்டு கணக்கிட்டால், 792 எண்களும் ஒருமுறையாவது வந்து சேரச் சராசரியாக 5,700க்கும் மேற்பட்ட அட்டைகளைப் பிரிக்க வேண்டியிருக்கும். கடைசியாக மிஞ்சும் ஓர் எண்ணுக்கு மட்டுமே சுமார் 47 பாக்கெட்டுகள் தேவைப்படும். பத்திருபது பாக்கெட்டுகளை ஆசைக்குப் பிரித்துவிட்டு, விடுபட்ட எண்களைப் பட்டியலிட்டு, தனி அட்டைகளாக வாங்குவதோ மாற்றிக்கொள்வதோதான் அறிவுடைமை.

விடுபட்ட எண் தரும் எரிச்சல் புதியதன்று. கௌடி நிறுவனம் 1933இல் 240 எண்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டபோது, 106ஆம் எண் அட்டை மட்டும் பாக்கெட்டுகளில் இடம்பெறவேயில்லை. சிறுவர்கள் அதைத் தேடி மேலும் மேலும் சூயிங்கம் வாங்கினார்கள். எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும், நெப்போலியன் லஜோய் என்ற வீரரின் படத்தோடு அந்த அட்டை 1934இல் தபாலில் அனுப்பப்பட்டது. கடிதத்தோடு கிளிப்பால் இணைத்து அனுப்பியதால், எஞ்சியிருக்கும் பிரதிகள் பலவற்றில் அந்தக் கிளிப்பின் தடம் பதிந்திருக்கிறது. இன்று அது பெரும் விலை பெறும் அட்டை.

தனி அட்டை வாங்கும்போது நான்கைக் கவனிக்க வேண்டும்: படம் நடுவில் அமைந்திருக்கிறதா, முனைகள் கூர்மையாக உள்ளனவா, விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, பரப்பில் கீறலோ கறையோ உண்டா. அட்டையை விளக்கொளியில் சற்றே சாய்த்துப் பிடித்தால், நேராகப் பார்க்கையில் மறைந்திருந்த மடிப்பு ஒரு மெல்லிய கோடாக மின்னும். 1971ஆம் ஆண்டின் டாப்ஸ் அட்டைகளைப் போன்ற கறுப்பு ஓரம் கொண்டவற்றில் நகம் பட்டாலே வெள்ளை தெரிந்துவிடும் என்பதால், அவற்றில் குறையற்ற பிரதியைத் தேடுவது பொறுமையைச் சோதிக்கும். அட்டைகளின் பெயர்ப்பட்டியலாகவே அச்சான அட்டைகளும் அப்படித்தான்; அந்தக் காலச் சிறுவர்கள் பேனாவால் குறியிட்டுத் தீர்த்துவிட்டதால், குறியில்லாத பழைய பிரதிகளுக்குத் தனி மதிப்புண்டு.

பாதுகாப்புக்கு, 1957 முதல் வழக்கத்தில் இருக்கும் இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவுள்ள அட்டைகளுக்கு ஒன்பது பைகள் கொண்ட தாள்கள் எளிதில் கிடைக்கும். 1987ஆம் ஆண்டின் தொகுப்பு மிகச்சரியாக 88 தாள்களில் அடங்கிவிடும். பிவிசி தாள்கள் நாளடைவில் அட்டையைக் கெடுத்துவிடும் என்பதால் பாலிபுரோப்பிலின் தாள்களையே வாங்குங்கள். வட்ட வளையம் கொண்ட கோப்பு உள்வரிசை அட்டைகளை அழுத்தித் தடம் பதித்துவிடும். ஆங்கில D வடிவ வளையம் நல்லது. ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம்.

பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பி 10க்கு இத்தனை என்று தரமதிப்பீடு பெறுவது, கட்டணத்தைவிட அட்டையின் மதிப்பு மிகுதியாக இருக்கும்போது மட்டுமே பொருத்தமானது. 1987ஆம் ஆண்டின் அட்டைகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கட்டணத்துக்குக் காணாது.

மிஞ்சும் இரட்டைப் பிரதிகளே உங்கள் நாணயம். எண் வரிசையில் அடுக்கி வைத்தால், மாற்றிக்கொள்ள ஒருவர் பட்டியல் அனுப்பியதும் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். அனுப்பும் அட்டையை மெல்லிய உறையிலிட்டு, அதை டாப்லோடர் எனும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, வாயை மென்பசை நாடாவால் ஒட்டுங்கள். நாடாவின் நுனியைச் சிறிது மடித்துவிட்டால், பெறுபவர் கத்தியைத் தேடாமல் விரலாலேயே பிரித்துக்கொள்வார். சாதாரணச் செலோடேப்பைச் சுரண்டி எடுக்கும்போது முனை மழுங்கிப்போன அட்டைகள் ஏராளம்.