நஞ்சு மரபணுச் செய்தியைப் படிப்பது எப்படி?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக என் அண்ணன் வாரந்தோறும் பிசிஜி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு செய்தித்துண்டை என்னிடம் நீட்டினார். பாக்டீரியா நஞ்சின் மரபணு புற்றுச் செல்களைக் கொல்கிறதாம். “இது எனக்குக் கிடைக்குமா, பாரம்மா” என்றார். நான் முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்தியவள். இப்படிப்பட்ட செய்தி உங்கள் வீட்டுக்கும் வந்தால், நாங்கள் படித்த விதத்திலேயே படியுங்கள்.

முதலில் நஞ்சின் பெயரைத் தேடி அடிக்கோடிடுங்கள். அந்தத் துண்டில் இருந்தது தொண்டை அடைப்பான் நஞ்சு. அதன் ‘ஏ’ பகுதி, செல் புரதம் தயாரிப்பதையே நிறுத்திவிடும். ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலும் செல் சாகும் என்று 1978இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிசிஜியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது உயிருள்ள பாக்டீரியா, உடலின் எதிர்ப்பாற்றலைக் கிளப்பிவிடுவது.

அடுத்து, உடலுக்குள் போவது நஞ்சா, மரபணுவா என்று பாருங்கள். 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெனிலூகின் டிஃப்டிடாக்ஸ் என்ற புற்றுநோய் மருந்து, தயாராக வரும் நஞ்சுப் புரதம். அண்ணன் காட்டியது வேறு: எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் ஹோக்பெர்க் குழு உருவாக்கிய பிசி-819 என்ற சோதனை மருந்து. இதில் மரபணுதான் போகிறது. நஞ்சைச் செல்லே தயாரித்துக்கொள்ள வேண்டும்.

மரபணு என்றால், அதை இயங்கவைக்கும் சுவிட்ச் எது என்று கட்டாயம் கேளுங்கள். எச்19 என்ற மரபணு கருவில் இயங்கும், வளர்ந்தவர்களின் பெரும்பாலான திசுக்களில் அடங்கிக் கிடக்கும், பல சிறுநீர்ப்பைக் கட்டிகளில் மறுபடி விழித்துக்கொள்ளும். அதன் சுவிட்சை நஞ்சு மரபணுவின் முன்னால் பொருத்தினார்கள். நல்ல செல்லுக்குள் போனாலும் சுவிட்ச் இயங்காது. அண்ணன் வயர்மேனாக இருந்தவர், சட்டென்று கேட்டார்: “மின்கசிவு இருந்தால்?” அதுதான் சரியான கேள்வி. ஒரு மூலக்கூறே போதுமென்றால் சிறு கசிவும் ஆபத்து. ஆனால் இன்னொரு காப்பு உண்டு: செல்லுக்குள் நுழையச் சாவியாக இருக்கும் ‘பி’ பகுதியை அவர்கள் சேர்க்கவே இல்லை. செத்த செல்லிலிருந்து வெளியேறும் நஞ்சு பக்கத்துச் செல்லுக்குள் எளிதில் நுழையாது. இதைப் படம் வரைந்து காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது.

பிறகு, சோதித்தது கண்ணாடித் தட்டிலா, எலியிலா, மனிதரிலா, எந்த ஆண்டில் என்று பாருங்கள். துண்டில் தேதி இல்லை. பின்பக்கம் திருப்பினேன், தங்க விலை இருந்தது. கிராம் விலையைப் பார்த்ததுமே பழைய தாள் என்று தெரிந்துவிட்டது. பிசி-819 மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் எதிர்பார்த்த பலன் தெரியாததால் 2019இல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு மனமே வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

செய்தியை நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். அண்ணன் தன் தாளில் முதல் வரியாக எழுதியது: “பிசிஜி பலிக்காவிட்டால் அடுத்தது என்ன?” ஐந்தாவது தவணைக்குப் போனபோது அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.