டிவி எழுத்தை விட்டு மலையகம் திரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து கொழும்புக்குப் போய்த் தொலைக்காட்சிக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தொடர் நாடகம், பண்டிகை நிகழ்ச்சி, தொகுப்பாளர் பேசுகிற நாலு வரி என்று எல்லாம் அவர்கள் கையால்தான் வரும். அவர்களில் சிலர் ஐந்தாறு வருடத்தில் தூக்கம் கெட்டு, வயிறு கெட்டு, "போதும், ஊருக்கே போயிடலாம்" என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்த முடிவில் தப்பே இல்லை. விட்டுவிட்டு வருகிற விதத்தில்தான் பலர் இழக்கத் தேவையில்லாததை எல்லாம் இழக்கிறார்கள்.

முதல் தவறு, ஒரு ராத்திரிக் கோபத்தில் விடுவது. தொடர் எழுதியவர்களுக்கு இந்த ராத்திரி நன்றாகத் தெரியும். காலையில் படப்பிடிப்பு. இரவு பதினொரு மணிக்கு ஃபோன் வருகிறது: அம்மாவாக நடிக்கிறவருக்கு நாளைக்கு வர முடியாதாம். மகளின் கல்யாணப் பேச்சு நடக்கிற சீன், அம்மா இல்லாமல் எப்படி? "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க" என்று ஒரு வரி போடுகிறோம். அம்மா சொல்ல வேண்டியதை அத்தை வாயில் வைக்கிறோம். அத்தைக்கு அந்த விஷயம் எப்படித் தெரியும் என்று கேள்வி வருமே, அதற்காக இன்னொரு சீன். விடியும் நேரத்தில் அனுப்பி முடித்தால், அம்மா நடிகை எப்படியோ வந்துவிட்டார், பழைய சீனே போதும் என்று செய்தி வரும். அந்த விடியலில் ராஜினாமாக் கடிதம் எழுதத் தோன்றுவது இயல்புதான். எழுதுங்கள், ஆனால் அன்றைக்கே அனுப்ப வேண்டாம். ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை நாள் முன்னறிவித்தல், கொடுத்து முடித்த எபிசோட்களில் எதற்கெல்லாம் காசு பாக்கி என்று பார்த்து, அதைத் தேதியோடு மின்னஞ்சலில் கேட்டுவிட்டு அப்புறம் கடிதம் கொடுங்கள்.

பாதியில் போட்டுவிட்டுப் போனால் அகப்படுவது முதலாளி இல்லை, உங்களுக்குக் கீழே வேலை பழகும் தம்பியோ தங்கச்சியோதான். கதை எங்கே நிற்கிறது, எந்த ரகசியம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று இரண்டு பக்கம் எழுதி ஒப்படைத்துவிட்டு வாருங்கள். நேத்ரா, சக்தி, வசந்தம் என்று இலங்கையில் தமிழ் அலைவரிசைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாலை நேரத்தில் பெரிய இடத்தைச் சென்னைத் தொடர்கள் பிடித்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கிற உள்ளூர் வேலை ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் சுற்றுகிறது, அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

அடுத்தது காசு. இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதி புதிதில்லை. தாத்தாவின் ஈ.பி.எப். காசில் கூரை மாற்றிய கதை எல்லா வீட்டிலும் இருக்கும். ஆனால் வேலையை விட்டதும் அந்தப் பணம் கைக்கு வரும் என்று கணக்குப் போடுவது தவறு. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் நிறுவனம் போடுகிற 12 சதவீதமும் அதில் சேர்கின்றன. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது ஆகும்வரை பொதுவாக அதை எடுக்க முடியாது. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்கள், வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுகிறவர்கள் என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. வீட்டுக்கோ பெரிய வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுக்க வழி இருக்கிறது, அதற்குப் 10 வருட சேவை வேண்டும். மீதி நிபந்தனைகளைப் பக்கத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டதும் எடுக்கக்கூடியது ஈ.டி.எப்., அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. வேலை கொடுத்த நிறுவனம் மட்டுமே போடுகிற 3 சதவீதம் அது. ஆனால் இப்படி எடுப்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். அப்புறம் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் 5 வருடம் முடித்திருந்தால், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வர வேண்டும். நீங்களாகவே விலகினாலும் இது உண்டு. கடைசி மாதச் சம்பளம் 80,000 ரூபாய், சேவை 7 வருடம் என்றால், 40,000 தரம் 7, ஆக 2,80,000 ரூபாய். நாலு வருடம் பத்து மாதத்தில் கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர் இதில் ஒரு சதம்கூடச் சட்டப்படி கேட்க முடியாது. அந்த இரண்டு மாதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுங்கள்.

எபிசோடுக்கு இவ்வளவு என்று வாங்கியவர்களின் நிலைமை வேறு. பலர் தங்களுக்கு எதுவுமே கிடையாது என்று கேட்காமலே வந்துவிடுகிறார்கள். ஆனால் ஈ.பி.எப். சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டுமானதல்ல. தற்காலிகமாகவோ துண்டுக் கணக்கிலோ வேலை செய்தவரும் உண்மையில் ஊழியராக இருந்தால் அதற்குள் வருவார். தினமும் அலுவலகம் போய், அவர்கள் சொன்ன நேரத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தால் தொழில் திணைக்களத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குச் சொல்லாமல் வருவதும் பெரிய தவறு. தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து கொழும்புக்குப் போன முதல் ஆள் நீங்களாக இருக்கலாம். அம்மா கொழுந்து எடுக்கிற மலையில் "எம் புள்ள பேரு டிவியில ஓடுது" என்று சொல்லியிருப்பார். தம்பியின் ஏ.எல். டியூஷன் காசு உங்களிடமிருந்துதான் வரும். "லீவுல வந்திருக்கேன்" என்று நாளைத் தள்ளினால், நிகழ்ச்சி முடிவில் பெயர் ஓடாததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா முதலில் கேட்பார். அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் ஓடும், தம்பிக்கு எதுவரை அனுப்ப முடியும் என்று காசுக் கணக்காகவே உட்கார்ந்து சொல்லுங்கள். நம் பெற்றோருக்குக் கஷ்டக் கணக்கு புரியும், மறைத்ததைத்தான் தாங்க மாட்டார்கள்.

நீங்கள் எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதிலும் குழப்பம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலையின் பகுதியாக எழுதியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குத்தான். அந்தத் தொடரை நாவலாக்கி அச்சடிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். உங்கள் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற உரிமை வேறு, அது உங்களுடையது. பெயர் ஓடுகிற திரையைப் படம் பிடித்து, ஒளிபரப்பான தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பழைய நிகழ்ச்சிகள் எப்போதும் யூடியூபில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஊர் வந்த மறுவாரமே பெரிய நாவலுக்கு உட்காருவதையும் நான் தவறு என்றே சொல்வேன். ஒவ்வொரு சீனையும் ஒரு அதிர்ச்சியில் முடித்துப் பழகிய கை அது. அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக 20, 22 நிமிடத்துக்கு அளந்து எழுதிய கை. அதற்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள், பிழைப்புக்கு வேறு வேலை பாருங்கள். பதுளை மாவட்டத்திலிருந்து வந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் கணக்காளர் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். அவர் எழுத்து அதனால் குறைந்துபோகவில்லை.

மாசியில் தோட்டத்தில், மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடும் காமன் கூத்து தொடங்கும்போது இன்னொரு சபலம் வரும். விடிய விடிய நடப்பதை இரண்டு மணி நேரமாகச் சுருக்கலாமே, மதன் எரிகிற இடத்தை முன்னால் கொண்டுவரலாமே என்று வாய் துறுதுறுக்கும். வேண்டாம். கூத்து மாஸ்டருக்கு எந்த இடத்தில் தப்பு மேளம் ஏற வேண்டும், எந்த இடத்தில் சனம் அழும் என்று தெரியும். ஒரு வருடம் ஓரமாக உட்கார்ந்து முழு இரவும் பாருங்கள். உதவி கேட்டு வருகிற இடங்களில் செய்யுங்கள், பள்ளிக்கூடத்தில் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் எழுதித் தரச் சொல்லி டீச்சர்மார் கட்டாயம் வருவார்கள்.

வீட்டிலிருந்தே எழுதி அனுப்பிப் பிழைக்கலாம் என்றால் மழைக் காலத்தைக் கணக்கில் எடுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மரம் விழுந்தால் கரண்ட் போகும், சிக்னலும் கூடவே போகும். ஒப்படைக்கும் தேதியை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிப் பழகுங்கள்.

கடைசியாக, அந்த ஃபோன். விட்டு வந்த கொஞ்ச நாளில் "அண்ணே, ஒரே ஒரு சீன், உங்களால மட்டுந்தான் முடியும்" என்று வரும். பாசத்தில் எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரம் இரண்டு சீன் ஆகும். பெயரும் வராது, காசும் வராது, ராத்திரித் தூக்கம் மறுபடியும் போய்விடும். எழுத விருப்பமில்லை என்றால் அன்றைக்கே முடியாது என்று சொல்லுங்கள். விருப்பமிருந்தால் எத்தனை சீன், எந்தத் தேதிக்குள், எவ்வளவு காசு, பெயர் எங்கே வரும் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.